ஆனைக்குழி லைன்

போத்தனூரில் எஸ்தர் டீச்சர் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமை காலைகளில் சிலர் ரயில் ஓட்டப் போவார்கள்.

ஆள் ஏறும் ரயில் இல்லை. எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் குறைவு. கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த மேசைமேல் மலை, குகை, ஸ்டேஷன், லெவல் கிராசிங் எல்லாம் அந்த அளவுக்குத் தக்கபடி இருக்கும். கன்ட்ரோலரின் குமிழை ஒரு பக்கம் திருகினால் வண்டி முன்னால் போகும். மறுபக்கம் திருகினால் பின்னால் வரும்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அப்பா எஞ்சின் டிரைவர். மாடிக்கு வருகிறவர்கள் எல்லோருமே டீச்சரைவிட மூத்தவர்கள். ஆனாலும் தங்களுக்குள் பேசும்போது அவரைக் குரு என்றுதான் சொன்னார்கள். ஒருநாள் அது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"குருன்னா தட்சிணை கேக்கோணும். டீச்சர்னா ஒரு சாக்பீஸ் போதும். டீச்சர்னே இருக்கட்டுங்க" என்றார்.

ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அந்த விஷயத்தில் அவர் குருவேதான்.

பேக்கரி அபுதாகிர் ஒருமுறை கேட்டார். "டீச்சர், என்ற வண்டி மட்டும் ஏன் கவுந்துட்டே இருக்குது?"

"ஓட்டறீங்க, கவுறுது" என்றார் டீச்சர். "நாச்சிமுத்தண்ணனைக் கேளுங்க. அவர் லைன்ல ஒரு வண்டி கவுந்ததே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார்.

மருதாத்தாள் கேட்டுவிட்டு, "டீச்சர் வெவரமானவங்க" என்று மட்டும் சொன்னார்.

நாச்சிமுத்து ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையடிவாரத்தில் ஆனைக்குழி என்ற சின்ன ஸ்டேஷனில் இருந்தார். கல்யாணம் ஆனதும் மருதாத்தாளை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டுக்கூரை போட்ட குவார்ட்டர்ஸ். பின்னால் ஓடை. ஓடையின்மேல் பாலம். பாலத்தில் வண்டி ஏறினால் அடுக்களையில் பாத்திரம் அதிரும். முதல் வாரம் அந்தச் சத்தத்துக்குப் பயந்த பெண், மாற்றலாகி வரும்போது அந்தச் சத்தம் இல்லாமல் எப்படித் தூங்குவது என்று அழுதார்.

அந்த ஆனைக்குழியைத்தான் நாச்சிமுத்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் கட்டினார். சோபா பின்கட்டுக்குப் போனது. விருந்தாளி வந்தால் சமையலறையில் உட்கார வேண்டியதாயிற்று.

பழைய பேப்பரை மைதா பசையில் நனைத்து ஒட்டி மலை செய்தார். தேங்காய் நாரைப் பிரித்துச் சாயம் ஏற்றி மரம் செய்தார். தண்டவாளத்துக்கு நடுவே போடும் ஜல்லியை வாய்க்கால் மணலில் சலித்தெடுத்தார். பசையைத் தண்ணீராகக் கரைத்து, ஊசிக்குழாயில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக அந்த ஜல்லிமேல் விட்டார். ஒரு நாள் வேலைக்கு ஒரு முழம்தான் நகரும். மலைச்சரிவில் மண்ணுக்கு அவர் கண்டுபிடித்தது டீத்தூள். வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துத் தூவினால் ஆனைக்குழி மண்ணேதான்.

அந்த டீத்தூளை வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து, சலித்து, டப்பாவில் போட்டு முன்னறை வாசலில் கொண்டுவந்து வைப்பது மருதாத்தாளின் வேலை.

"ஏனுங்க, இந்தக் காட்டுக்கு இன்னும் எவ்வளவு டீ குடிக்கோணும்?"

"மேக்குச் சரிவு பாக்கி இருக்குது."

"அது முடியறதுக்குள்ள எனக்குச் சக்கரை வந்துரும். பரவால்லீங்களா?"

"சக்கரை போடாம குடி."

"காடும் உங்களுக்கு, கசப்பும் எனக்குங்களா?"

வாசலில் நின்றபடிதான் இதெல்லாம் கேட்பார். உள்ளே வரமாட்டார். வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை தூசி தட்டுகிறேன் என்று துணியோடு வந்து, சிக்னல் கையை ஒடித்துவிட்டார். நாச்சிமுத்து திட்டவில்லை. சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டும் போகாமல், ஒடிந்த கையை ஒட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை குனிந்தே இருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து மருதாத்தாளின் கை பின்னால் போய்விட்டது.

ஆனால் வாய் போகவில்லை.

"எப்பங்க ஓடும்?"

"லைன் பாஸ் ஆகட்டும்."

புது லைன் போட்டால், பெரிய அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதில் ஜனங்களை ஏற்றிப் போகும் வண்டி ஓடாது. அது ரயில்வே வழக்கம். நாச்சிமுத்து அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

"யாருங்க பாஸ் பண்ணோணும்?"

"நான்தான்."

"பண்ணுங்க, அப்புறம் என்ன?"

"இன்னும் கொறை இருக்குது."

"லைன் போடறதும் நீங்க, வந்து பாக்கறதும் நீங்க, கொறை சொல்றதும் நீங்க. ரொம்ப நல்ல ஆபீசுங்க இது. லீவுகூடக் கெடைக்காது."

நாச்சிமுத்து நிமிராமலே சிரிப்பார். குறை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு வளைவைச் சரிசெய்தால் அதற்கடுத்த வளைவு உறுத்தும். பிளாட்பார விளிம்பைத் தீட்டினால் கூரை பழசாகத் தெரியும். கட்டும்போது அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நகவெட்டியால் சீவிய குச்சியில் ஜன்னல் கம்பி செய்து பொருத்தி, கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்த வண்டி ஓடியும் ஆகவேண்டியதில்லை என்று நினைத்தார். ஓடுவது எங்கே போகிறது, என்றைக்கு வேண்டுமானாலும் ஓடும்.

போன ஐப்பசி மழையில் மருதாத்தாள் காய்ச்சல் என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனார். திரும்பி நடந்து வரவில்லை.

மொட்டை மாடியில் தட்டில் காயப்போட்ட டீத்தூள் மழையில் கரைந்து சுவரெல்லாம் வழிந்திருந்தது. ஓசூரிலிருந்து வந்திருந்த மகள்தான் அதைக் கழுவிவிட்டாள்.

நாச்சிமுத்து முன்னறைக் கதவைச் சாத்தினார். சனிக்கிழமைகளில் டீச்சர் வீட்டு மாடிக்குப் போவதும் நின்றது.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை அவர் எஸ்தர் டீச்சர் வீட்டுப் படியேறினார். அபுதாகிர் மட்டும் இருந்தார். அவருடைய வண்டி குகையிலிருந்து வெளியே வந்து, வளைவில் வேகமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணா" என்றார் டீச்சர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாச்சிமுத்து உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"அதைப் பிரிச்சுப் போட்டர்லாமுங்களா?"

"எதை?"

"ஆனைக்குழியை."

அபுதாகிரின் வண்டி கவிழ்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா?"

"அவ கேட்டுட்டே இருந்தா. நான் முடியட்டும், முடியட்டும்னே சொல்லிட்டு இருந்தேன். ஒரு சுத்து ஓட்டிக் காட்டலைங்க. இப்ப அந்த ரூம்ல கால் வெக்க முடியலை. கதவைச் சாத்தினா கதவு கேக்குது, எப்பங்க ஓடும்னு."

"ஒரு சுத்துகூடவா ஓட்டலை?" என்றார் அபுதாகிர். "டெஸ்ட்டுக்குக்கூடவா?"

"பல்பு வெச்சு கரண்ட் வருதான்னு பாத்தேன். பெட்டியைக் கையில தள்ளிப் பாத்தேன். எஞ்சினை அட்டையை விட்டே எடுக்கலை."

"அட என்னண்ணே நீங்க. எனக்கெல்லாம் எஞ்சின் வந்த அன்னிக்கு மாவு பெசையற மேசை மேலயே ஓட்டியாச்சு. இன்னும் சக்கரத்துல மைதா இருக்குது."

"பாய்" என்றார் டீச்சர். பிறகு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"முடிவு பண்ணிட்டு வந்து சொல்றீங்களா, இல்லை கேக்கறீங்களாண்ணா?"

"கேக்கறேனுங்க. நீங்க பிரின்னா இன்னிக்கே பிரிச்சுருவேன். பாகமெல்லாம் பாய் எடுத்துக்கட்டும். வேண்டாம்னா சொல்லுங்க, எப்படியோ பல்லைக் கடிச்சுட்டு வெச்சுக்கறேன். எனக்கு நானே சொல்லிக்க முடியலைங்க."

டீச்சர் கவிழ்ந்த வண்டியை எடுத்துத் தண்டவாளத்தில் நிறுத்தினார். சக்கரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"நான் கண்ணால பாக்காத லைனுக்கு என்னன்னு சொல்றது? நீங்கதான் ஒருத்தரையும் கூப்பிட்டதில்லையே."

"முடிஞ்சப்புறம் கூப்பிடலாம்னு..." என்று ஆரம்பித்த நாச்சிமுத்து பாதியில் நிறுத்தினார்.

"நாளைக்குச் சாயந்தரம் வர்றோம்."

"வாங்க. தூசியா இருக்குது, தொடச்சு வெக்கறேன்."

"தொடைக்காதீங்க. கதவைக்கூடத் தொறக்காதீங்க. நாங்க வந்து தொறந்துக்கறோம்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். அபுதாகிர் கையில் பன் பொட்டலம் இருந்தது. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று எடுத்துவந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்தார்.

டீச்சர் முன்னறைக் கதவைத் திறந்து, ஜன்னலையும் திறந்தார். சாய்ந்த வெயில் மேசைமேல் விழுந்தது.

அபுதாகிர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மலை உண்மையான மலையைப்போல அடுக்கடுக்காக இறங்கியது. ஓடையில் தண்ணீர் இல்லை, ஆனால் இருந்தது. குவார்ட்டர்ஸின் பின்னால் நூல் கொடியில் நகத்தளவுப் புடவை ஒன்று காய்ந்தது. ஸ்டேஷன் கடிகாரத்துக்கு முள் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் பாசி இருந்தது.

"அண்ணே, இதையா பிரிக்கறேன்னீங்க?" அபுதாகிர் குனிந்து பிளாட்பாரத்தைப் பார்த்தார். "ஆமா, ஒரு ஆள்கூடக் காணோமே? என்ற வீட்டு ஸ்டேஷன்ல நிக்க எடமில்லாம கெடக்கறாங்க."

"ஆளைக் கடைசியாத்தான் வெக்கறது. லைன் தொறந்தப்புறம்."

"ஓ" என்றார் அபுதாகிர்.

டீச்சர் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் இரு முனைகளிலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே, இரண்டு ஊசிகளுக்கு நடுவில், துணுக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இது என்னங்கண்ணா?"

"பாலத்துல ஒரு தூண் நூலளவு சாஞ்சிருக்குதுங்க. அதைச் சரி பண்ணாம வண்டி விடக்கூடாது. வேலை நடக்கிற எடத்துல ரெண்டு பக்கமும் இப்படிச் சிவப்புக் கொடி கட்டறது எங்க வழக்கம். இதைப் பாத்தா எப்பேர்ப்பட்ட டிரைவரும் நிறுத்தித்தான் ஆகோணும்."

டீச்சர் மலையைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கன்னம் பலகையில் படும்படி குனிந்து, தண்டவாளத்தோடு தண்டவாளமாகப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்து, மேசையைச் சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்தும் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று.

"இந்த லைன்ல வண்டி ஓடலைன்னீங்க."

"ஓடலைங்க."

"ரயில்வேல நீங்க பாத்தது என்ன வேலைங்கண்ணா?"

"தண்டவாளந்தானுங்க. தெரிஞ்சதுதானே."

"அப்ப வந்து பாருங்க."

நாச்சிமுத்து வந்து குனிந்தார்.

ஓடுகிற லைனுக்கும் ஓடாத லைனுக்கும் வித்தியாசம் தண்டவாளத்தின் தலையில் இருக்கும். வண்டி போய்வருகிற தண்டவாளத்தின் மேல்பாகம் சக்கரம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகக் கிடக்கும். போகாத லைனில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு ஏறும். இந்தப் பொடித் தண்டவாளத்தில் துரு ஏறாது, மங்கிப்போகும், அவ்வளவுதான். பாதை பார்க்கும் தள்ளுவண்டியான டிராலியில் போகும்போது தூரத்திலிருந்தே ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறவர் நாச்சிமுத்து. இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

இப்போது இரண்டாம் தடவை பார்த்தார்.

பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் ஓரத்துச் சைடிங் மங்கலாகக் கிடந்தது. கூட்ஸ் நிற்கும் லைனும் மங்கல்தான். ஸ்டேஷனைத் தொட்டுப் போகும் மெயின் லைன் மட்டும், மேலே படிந்த மெல்லிய தூசிக்கடியில், வெயிலில் பளபளவென்று ஓடியது.

"எலி ஓடியிருக்குமுங்க" என்றார்.

எப்போதும் சிரிக்கிற அபுதாகிர் அதற்குச் சிரிக்கவில்லை.

"வண்டி ஓடியிருக்காதுங்க. எஞ்சின் அட்டைக்குள்ள இருக்குது. பிரிக்கவே இல்லை. இருங்க, காட்டறேன்."

நாச்சிமுத்து சுவர் அலமாரியைத் திறந்தார். அட்டைப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. அதை மேசை ஓரத்தில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே எஞ்சினைச் சுற்றிய மெல்லிய தாள் இருந்தது.

தாளின் நான்கு மூலைகளும் உள்ளே மடித்துச் செருகியிருந்தன. கடையில் அப்படி மடிப்பதில்லை. பலகாரம் கட்டிக்கொடுக்கும்போது மருதாத்தாள் வாழையிலையை அப்படித்தான் மடிப்பார், அவிழாமல் இருக்க.

நாச்சிமுத்துவின் கை அதற்குமேல் போகவில்லை.

டீச்சர்தான் தாளைப் பிரித்தார். எஞ்சினைக் கவிழ்த்துக் காட்டினார். சக்கரங்களைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. ஓடி ஓடித் தண்டவாளத்தின் அழுக்கை வாங்கிய சக்கரம்.

"நல்லா ஓடியிருக்குது" என்றார் டீச்சர். "ஒரு நாள் ரெண்டு நாள் ஓட்டம் இல்லீங்கண்ணா."

நாச்சிமுத்து, டீச்சர் சொல்லாமலே, குனிந்து அந்தப் பளபளப்பைப் பின்தொடர்ந்து போனார். இது அவர் வேலை. ஸ்டேஷனிலிருந்து குவார்ட்டர்ஸ் பின்பக்கமாக வளைந்து, மலையைச் சுற்றி, குகைக்குள் போய் வெளியே வந்து, பாலத்தின் ஒரு முனை வரைக்கும் போயிற்று. அங்கே சிவப்புக் கொடிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. பாலத்தின்மேல் தண்டவாளம் மங்கல். மறுமுனையிலும் அப்படியே. கொடிக்கு இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இல்லை. இரண்டு கொடியும் கட்டியபடி இருந்தன. ஊசிகூட அசங்கவில்லை.

"தாண்டலை" என்றார் நாச்சிமுத்து. "கொடி வரைக்கும் போயிட்டுப் பின்னால வந்திருக்கறா. மறுபடி போயிருக்கறா."

"ஆமாங்கண்ணா."

"சும்மா கெடந்த கொடிங்க அது. எடுத்துப் போட்டுட்டு ஒரு சுத்து முழுசாப் போயிருக்கலாமே. யாரு கேக்கப் போறா?"

டீச்சர் எஞ்சினைத் தாளின்மேல் வைத்தார்.

"எப்ப ஓட்டியிருப்பாங்க அக்கா?" என்று அபுதாகிர் மெதுவாகக் கேட்டார்.

நாச்சிமுத்துவுக்கு அது தெரிந்திருந்தது. கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை. அவர் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் திரும்புவார். வந்ததும் மருதாத்தாள் தட்டு வைத்துக்கொண்டே கேட்பார்.

"இன்னிக்கு அங்க என்னங்க ஓட்டுனீங்க?"

"கூட்ஸ்."

"நல்லா ஓடுச்சுங்களா?"

"ம்."

அன்றைக்கெல்லாம் மருதாத்தாளின் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். சோறு போடும் கை கொஞ்சம் வேகமாக இருக்கும். ஒருமுறை தானாகவே ஏதோ ராகத்தை முனகிக்கொண்டு ரசம் ஊற்றினார். என்ன விசேஷம் என்று நாச்சிமுத்து மனசில் நினைத்தார். டிவியில் ஏதாவது நல்ல படம் போட்டிருப்பான் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு மோருக்குக் கை நீட்டினார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. வாய் வரைக்கும் வந்த சிரிப்பாகத்தான் அது இருந்தது.

எப்படி உட்கார்ந்து ஓட்டியிருப்பார்? நின்றுகொண்டா? ஸ்டேஷனில் நிறுத்தினாரா? நிறுத்தியிருந்தால், ஆளே இல்லாத அந்தப் பிளாட்பாரத்தில் யார் ஏறுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்? பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றபோது, அடுக்களைப் பாத்திரம் அதிர்வது நினைவுக்கு வந்திருக்குமா? முன்னறையில் இருந்த ஒவ்வொரு ஜன்னல் கம்பியையும் ஒவ்வொரு செங்கலையும் நாச்சிமுத்து அறிவார். இதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

"ஏன் டீச்சர், அவ எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நாச்சிமுத்து யோசித்தார். நல்லவிதமாகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்.

"அலமாரியைப் பூட்டியிருப்பேனுங்க" என்றார்.

அபுதாகிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டீ வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனார். அங்கே டப்பாக்கள் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டது. டீத்தூள் எதில் இருக்கிறது என்று அவர் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நாச்சிமுத்துவும் போய்க் காட்டவில்லை.

வெயில் மலையின் பாதிக்கு ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜன்னலை விட்டுப் போய்விடும்.

"பிரிக்கலைங்க" என்றார் நாச்சிமுத்து.

"சரிங்கண்ணா."

"பாய்கிட்டயும் சொல்லிருங்க. இதுல ஒரு துரும்பைக்கூட யாருக்கும் தரமாட்டேன்."

"சொல்லிர்றேன்."

டீச்சர் எஞ்சினின் சக்கரங்களை ஊதிவிட்டு, ஸ்டேஷன் அருகே மெயின் லைனில் வைத்தார். கன்ட்ரோலரை எடுத்து நாச்சிமுத்துவின் பக்கமாக நகர்த்தினார்.

"ஓட்டுங்கண்ணா."

நாச்சிமுத்து ஓரடி பின்னால் போனார்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்கண்ணா?"

"அவ ஓட்டின தடமுங்க இது. வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லை. நான் ஓட்டினா இது அழிஞ்சுரும். அவ போனது எது, நான் போனது எதுன்னு தெரியாமப் போயிரும். நல்ல துணி வாங்கிட்டு வந்து மூடி வெச்சர்றேன். ஒருத்தரும் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன். இந்தப் பளபளப்பு இப்படியே இருக்கட்டும்."

பேசும்போது அவருடைய இரண்டு கைகளும் பின்னால் போய்க் கட்டிக்கொண்டிருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார்.

கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தண்டவாளம் பாத்தவர் நீங்க" என்றார். "வண்டி போகாத லைன்ல பளபளப்பு நிக்குமாங்கண்ணா?"

பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, நாச்சிமுத்து கன்ட்ரோலர் பக்கம் ஓரடி வந்தார்.